சபையில் ஆண்களுக்கு ஒரு சின்னக் குழு தொடங்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது, சுமார் 180 குடும்பங்கள். எனக்கு வயது 39. பாடகர் குழுவில் இருக்கிறேன், கமிட்டியில் இல்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். எங்கள் கோவிலில் ஒரு அண்ணன், ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பாடகர் குழுவில் சேர்வதற்கு முன்னால் ஆறேழு வருஷம் நான் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். எனக்குப் பாமாலைப் புத்தகத்தில் பாட்டு நம்பர் பிடிபடாவிட்டால் அவரே பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டுவார். அவ்வளவு பழக்கம். அந்த அண்ணனுக்குக் கடன் ஏறி, கந்துவட்டி வாங்கி, அதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்கி, இப்படியே மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது கடை ஷட்டரில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான். அதற்குள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார், போன் சுவிட்ச் ஆஃப். அந்த மூன்று வருஷமும் ஒரு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்தவர். நானும் வாசலில் வைத்து “எப்படிண்ணே இருக்கீங்க” என்று கேட்டிருக்கிறேன், “கர்த்தர் கிருபை தம்பி, நல்லா இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறார். இதை நினைத்தால் இப்பவும் மனசு ஆறவில்லை.

பெண்களுக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூட்டம் இருக்கிறது. நாற்பது பேராவது வருவார்கள், ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் சாயங்காலத்துக்குள் கஞ்சி போய்விடும். ஆண்கள் ஐக்கிய சங்கம் என்று எங்களுக்கும் ஒன்று இருக்கிறது, ஆனால் வருஷத்தில் ஒரு ஆண்கள் ஞாயிறு, அன்றைக்கு ஒரு விசேஷப் பாட்டு, வெளியூர்ப் பிரசங்கியார், காணிக்கை, அதோடு முடிந்தது.

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். “நீயே ஆரம்பிப்பா, நான் ஜெபிக்கிறேன்” என்றார். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: எத்தனை பேர், எந்தக் கிழமை, கூடி என்ன செய்வது, ஐயரைக் கூப்பிடலாமா வேண்டாமா. இன்னொன்று, வட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொதுவான திருமண்டல நிர்வாகத்துக்குத் தேர்தல் வந்தால் எங்கள் சபை இரண்டு அணியாகிவிடும், நான்கு ஆண்கள் சேர்ந்து டீ குடித்தாலே “எந்த அணி?” என்று கேட்பார்கள். இதில் இதை எப்படிக் கொண்டுபோவது?

பழைய டெனர் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு 58 வயது, எங்கள் சபையில் ஏழு வருஷமாக இப்படி ஒன்று நடக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை ஆரம்பித்து விழுந்திருக்கிறோம், அதை முதலில் சொல்கிறேன்.

முதல் தடவை எல்லாம் பெரிசாகச் செய்தோம். நோட்டீஸ் அடித்து, ஆராதனையில் மூன்று வாரம் அறிவிப்பு கொடுத்து, முதல் கூட்டத்துக்கு மட்டன் பிரியாணி போட்டோம். 45 பேர் வந்தார்கள். ஒரு மணி நேரச் செய்தி, அப்புறம் தலைவர், செயலர், பொருளாளர் தேர்வு. இரண்டாம் மாதம் 20 பேர், நான்காம் மாதம் நானும் செயலரும் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கம் கேட்ட மனுஷனை மறுபடியும் உட்காரவைத்து இன்னொரு பிரசங்கம் கேட்கச் சொன்னோம், அவ்வளவுதான் நாங்கள் கொடுத்தது.

பிறகு எப்படி ஆரம்பமாயிற்று என்றால், அசனத்தில், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில். உங்கள் பக்கமும் உண்டு அல்லவா, அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி ஆண்கள்தான் கோவில் வளாகத்தில் அடுப்பு மூட்டி விடிய விடியச் சமைப்போம். அந்த வருஷம் ஒரு மூலையில் சாக்கு விரித்து நாங்கள் ஐந்து பேர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், ஒரு மூட்டை. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். எங்களில் ஒருத்தர், மின்வாரியத்தில் வேலை, அதிகம் பேசாத மனுஷன், தலையைக் குனிந்து உரித்துக்கொண்டே “என் பையன் என்னோட பேசி ஒன்றரை வருஷம் ஆச்சு” என்றார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லார் கண்ணிலும் வெங்காயத்தால் ஏற்கனவே தண்ணீர், அதனால் அவர் அழுதது தனியாகத் தெரியவில்லை. அவருக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தர் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொன்னார், காலில் புண் ஆறவில்லை, வீட்டில் சொல்லவில்லை என்று. விடிவதற்குள் ஐந்து பேரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டோம். முப்பது வருஷம் ஒரே கோவிலில் இருந்தவர்கள் நாங்கள்.

அந்த ஐந்து பேர்தான் குழு. அடுத்த சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வரச்சொன்னேன். முதல் மூன்று மாதம் கோவில் காம்பவுண்டில் முள்வெட்டி, தண்ணீர்த்தொட்டி கழுவி, கல்லறைத்தோட்டத்தைச் சுத்தம் பண்ணினோம். அப்புறம் டீ, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வார்த்தை, ஜெபம். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். ஏழு என்றால் ஏழுதான். ஒரு நாள் இழுத்தால் அடுத்த வாரம் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

உங்கள் கேள்விகளுக்கு என் அனுபவத்தில் பதில். நான்கு முதல் ஏழு பேர். எட்டு ஆனால் ஒருத்தர் பேசாமலே போய்விடுவார், அவர்தான் பேசவேண்டியவராக இருப்பார். அறிவிப்பு கொடுக்காதீர்கள், ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். பதவி ஒன்றும் வேண்டாம், மினிட் புத்தகம் வேண்டாம், சந்தா வேண்டாம், டீக்காசு சுற்றுமுறையில். பணம் கையில் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் கமிட்டி வரும். தேர்தல் விஷயத்துக்கு நாங்கள் செய்தது, இரண்டு அணியிலிருந்தும் வேண்டுமென்றே ஆள் எடுத்தோம். தேர்தல் பேச்சு எடுக்கக்கூடாது என்று ஒரே ஒரு சட்டம், ஏழு வருஷத்தில் இரண்டு தடவை மீறினோம், இரண்டு தடவையும் குழு கிட்டத்தட்ட உடைந்தது.

முக்கியமானது ஒன்று. முதலில் நீங்கள் சொல்லவேண்டும். கூப்பிட்டவன் தன்னுடையதைச் சொல்லாமல் மற்றவர்களைக் கேட்டால் அது விசாரணை. நான் முதல் சனிக்கிழமை என் கோபத்தைப் பற்றிச் சொன்னேன், வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எறிந்த நாளைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கை நடுங்கியது.

சரித்திர வாத்தியார் எழுதியது:

டெனர் அண்ணன் சொன்னதோடு ஒரு பழைய சங்கதியைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இது நமக்கு வெளியே இருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை.

1742-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டின கூடத்துக்குக் கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார் ஒரு கப்பல் கேப்டன். எல்லாராலும் முடியாதே என்றபோது, பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தலைவர் வாரம்தோறும் வீடு வீடாகப் போனார். பென்னி வாங்கப்போன இடத்தில்தான் யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை, யாருக்குச் சுகமில்லை என்பதெல்லாம் தெரியவந்தது. அப்போதுதான் வெஸ்லிக்கு இது கடனை விடப் பெரிய காரியம் என்று புரிந்தது. வீடு வீடாகப் போவது சிரமம் என்று பிறகு ஒரே இடத்தில் கூட ஆரம்பித்தார்கள், அதுதான் வகுப்புக் கூட்டம். அதற்கு முன்னாலேயே, 1738-ல், ஐந்து முதல் பத்துப் பேர் வரை கூடும் இன்னும் நெருக்கமான குழுக்களுக்கு அவர் விதிகள் எழுதியிருக்கிறார். அதில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள்.

1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன்களோடும் (இங்கிலாந்துத் திருச்சபை வழியினர்) மற்றவர்களோடும் சேர்ந்து வந்த ஒரு பிரிவு வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட். ஆக இது நம் சொந்த வீட்டுச் சொத்து. நெல்லையில் சிறப்பாக வேரூன்றியது ஆங்கிலிக்கன் வழி, அதனால் இந்தப் பக்கத்தை நாம் அதிகம் கேள்விப்படவில்லை.

ஒரு விஷயத்தில் அண்ணனோடு எனக்கு வேறு கருத்து. வேதபாடம் இல்லாமல் வெறும் வேலையும் டீயுமாக மூன்று மாதம் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்கு சுவிசேஷத்தில் மொத்தம் 16 அதிகாரம். வாரம் அரை அதிகாரம் சத்தமாக வாசித்தால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். பிரசங்கம் வேண்டாம், வாசித்துவிட்டு “இதில் உங்களை உறுத்தினது எது?” என்று ஒரே கேள்வி. இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலு பேர் இருக்கிறார்களே, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்று எழுதியிருக்கிறது, படுத்திருந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. இதை எங்கள் குழுவில் வாசித்த அன்றைக்கு ஒரு அண்ணன், லாரி ஓட்டுபவர், “எனக்கு அந்த நாலு பேர் இருக்காங்களான்னு எண்ணிப் பார்த்தேன், ரெண்டுக்கு மேல வரலை” என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டம் எழுதியது:

ஆண்கள் பேசுகிற இடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாக இப்படி ஒரு குழுவுக்குப் போகிறார். போய்விட்டு வந்து அங்கே பேசினதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லமாட்டார், நானும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, என்னிடம் சொல்லாததை யாரிடமோ சொல்கிறாரே என்று. ஆனால் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்து, வேலை போய்விடுமோ என்று ஆறு மாதமாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னார். அங்கே சொல்லிப் பழகினதால்தான் இங்கே சொல்ல வந்தது என்று எனக்குப் புரிந்தது. அதனால் வெளியே போகக்கூடாது என்ற விதியை மிகவும் கண்டிப்பாக வையுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பேரில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வெளியே விடுவதுதான். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்திலேயே அப்படி ஒரு அக்காவின் மகள் விஷயம் ஜெபக் குறிப்பாகப் போய் ஊரெல்லாம் பரவி, அந்த அக்கா இன்றைக்கு வரைக்கும் திரும்ப வரவில்லை.

ஆனால் அந்த விதிக்கு ஒரு எல்லை வேண்டும், அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். குழுவில் ஒருத்தர் மனைவியை அடிக்கிறேன் என்று சொன்னால் அதைக் கேட்டு ஜெபித்து அனுப்பிவிடக்கூடாது. அவர் அழுதார், மனந்திரும்பினார் என்று நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள், அந்த அக்கா அதே வீட்டில்தான் இருப்பார். அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது உங்கள் கடமை, வேறு வழி தெரியாவிட்டால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. உயிரை மாய்த்துக்கொள்ளப்போகிறேன் என்று ஒருத்தர் சொன்னாலும் அப்படித்தான், ரகசியம் என்று வாய்மூடி இருக்கக்கூடாது. ஆளைத் தனியாக விடாதீர்கள், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர், அதில் 1,22,724 பேர் ஆண்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல். தம்பி, அந்த ஹார்டுவேர் கடை அண்ணன் ஊரைவிட்டுத்தான் போனார். எப்படியாவது தேடிக் கண்டுபிடியுங்கள்.

குவைத் வெள்ளிக்கிழமை எழுதியது:

நான் 11 வருஷமாகக் குவைத்தில் இருக்கிறேன், வெல்டர். இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஆராதனையும் அன்றைக்குத்தான். ஒரே வளாகத்தில் ஒரு மொழிக்காரர் முடித்து இறங்க அடுத்த மொழிக்காரர் ஏறுவார்கள், அதனால் ஆராதனை முடிந்து நின்று பேச நேரமே இருக்காது, கேம்ப் பஸ் வேறு காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் குழு கேம்ப் ரூமில் வியாழக்கிழமை ராத்திரி. இரண்டு அடுக்குக் கட்டில், கீழ்க்கட்டிலில் மூன்று பேர், எதிரே மூன்று பேர், நடுவில் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாவில் சப்பாத்தி. ஒருத்தன் தேய்ப்பான், ஒருத்தன் சுடுவான், அந்த நேரத்தில்தான் பேச்சு. டெனர் அண்ணன் வெங்காயம் சொன்னபோது எனக்கு எங்கள் சப்பாத்திக்கட்டை ஞாபகம் வந்தது.

ஒரு வருஷம் எங்களில் ஒரு தம்பிக்குச் சம்பளம் நாலு மாதம் வரவில்லை. வீட்டில் சொல்லவில்லை, கடன் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தான். குழுவில் சொன்னான். நாங்கள் உடனே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவன் கடனை அடைத்தோம், அது தப்பாகப் போயிற்று. அதற்கப்புறம் அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டான், மூன்று வாரம் வரவில்லை. நான்தான் போய், பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், சப்பாத்தி தேய்க்க ஆள் இல்லை வா என்று கூப்பிட்டேன். இப்போது எங்கள் பழக்கம் என்னவென்றால் ஒருத்தன் கஷ்டத்தைச் சொன்னால் அன்றைக்கு ராத்திரி தீர்வு சொல்லக்கூடாது, கேட்டுவிட்டு ஜெபித்துவிட்டுப் படுத்துவிடவேண்டும். அடுத்த நாள் அவனைத் தனியாகப் பார்த்து “என்ன செய்யட்டும்?” என்று கேட்கவேண்டும். எம்பஸியில் புகார் எழுத ஆள் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால் அதைத்தான் நாங்கள் முதலில் செய்திருக்கவேண்டும்.

மூன்றாம் பெஞ்சு எழுதியது:

சுருக்கமாக. நான் குடியை விட்டு 9 வருஷம். சபை எனக்கு உதவியது, மறுக்கமாட்டேன், ஆனால் என்னை நிறுத்தியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசினதில் ஆரம்பித்தது அது. அந்த இரண்டு பேரும் குறையை ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடும் பழக்கத்தைக் கற்றது சின்னக் குழுவாகக் கூடிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ இயக்கத்தில்தான். யாக்கோபு 5:16-ல் “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்று இருப்பதை நாம் வாசித்துக்கொண்டிருந்தோம், அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். என் வருத்தம் அது.

உங்கள் குழுவுக்குக் குடிக்கிறவர் வருவார், கட்டாயம் வருவார். விட்டுவிட்டேன் என்பார், மறு வாரமே குடித்துவிட்டு வராமல் இருப்பார். அந்த வாரம் யாராவது அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். உபதேசம் வேண்டாம். என் வீட்டுக்கு ஒருத்தர் அப்படி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை வர்றேன், சேர்ந்தே போவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போதையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், ஆகவே முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ஜெபமும் கூடவே இருக்கட்டும்.

ஐயரைக் கூப்பிடலாமா என்று கேட்டீர்கள். என் கருத்து, வாரந்தோறும் வேண்டாம். அவர் இருந்தால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு உட்காருவார்கள். ஆனால் ஐயருக்கும் ஒரு குழு வேண்டும், பக்கத்துச் சேகரத்து (சில சபைகள் சேர்ந்த வட்டம்) குருமார் மூன்று பேரோடு. அவருக்கும் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறு சொல்ல இடமில்லை.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

அக்கா சொன்னதைப் படித்தபிறகு தூங்க முடியவில்லை. அந்த அண்ணனுடைய மச்சான் தூத்துக்குடியில் இருப்பது தெரியும், விசாரித்து அவர் மூலமாக நம்பர் கிடைத்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். போன் பண்ணினேன். முதலில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. “அண்ணே, நம்ம பெஞ்சுல உங்க இடம் காலியா இருக்கு” என்றேன், அதற்கு மேல் எனக்கும் வரவில்லை. அப்புறம் அவரே, பிள்ளைகளுக்கு ஸ்கூல் சேர்த்துவிட்டேன், டி.சி. மட்டும் ஊரிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்றார். நாளைக்குப் போய் வாங்கி அனுப்புகிறேன். காசு அனுப்பவா என்று கேட்க நினைத்தேன், குவைத் அண்ணன் எழுதினது ஞாபகம் வந்து, “வேறென்ன செய்யட்டும்ணே?” என்று மட்டும் கேட்டேன். “வாரம் ஒரு போன் போடு தம்பி” என்றார்.

சபையில் நான்கு பேரைப் பார்த்துவிட்டேன், வீட்டுக்கே போய். இரண்டு பேர் ஒரு அணி, ஒருத்தர் எதிர் அணி, ஒருத்தர் வோட்டே போடாதவர். அறிவிப்பு இல்லை. சனிக்கிழமை காலை ஐந்தரை, கல்லறைத்தோட்டம், அங்கே வடக்குச் சுவர் பக்கம் இடுப்பளவு புல் நிற்கிறது. மாற்கு முதல் அதிகாரத்தில் முதல் பாதி அன்றைக்கே வாசித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், இதில் நான் வாத்தியார் பக்கம். டீ என் வீட்டிலிருந்து பிளாஸ்கில்.

டெனர் அண்ணன், முதல் நாள் நான் சொல்லவேண்டியது என்னவென்று முடிவு செய்துவிட்டேன். அந்த மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் சட்டைக் காலர் கிழிந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும், ஐந்து பேருக்கு எத்தனை அரிவாள் எடுத்துப்போகட்டும், கையுறை வேண்டுமா?

பழைய டெனர் எழுதியது:

அரிவாள் மூன்று போதும் தம்பி, இரண்டு பேர் வெட்டின புல்லை அள்ளட்டும், மண்வெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்லறைப் பக்கம் பாம்பு இருக்கும், பூட்ஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், முதலில் கம்பால் தட்டிவிட்டு இறங்குங்கள். சனிக்கிழமை ஐந்தரைக்கு நாங்களும் கூடுவோம், உங்கள் ஐந்து பேரையும் பேர் சொல்லி ஜெபிக்கிறோம். திருப்பூர் அண்ணனையும்.